அந்நியர் கையில் சுழலும் கைப்பிடி

பெருமீன் பிடிக்கும் ரீலின் கைப்பிடி உடைந்தாலோ ஆட்டம் கண்டாலோ படகுக்காரர்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் யோசிக்கிறார்கள். பழையதைவிட நீளமாக, பழையதைவிடக் கனமாக ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்பதே அந்த யோசனை. சொந்தப் படகில் சொந்த ரீலோடு கடலுக்குப் போகிறவருக்கு அதில் தப்பில்லை. தன் தோளின் வலு, தன் கையின் பழக்கம் இரண்டும் அவருக்குத் தெரியும். வாடகைக்கு ஆள் ஏற்றும் சார்ட்டர் படகின் கதை வேறு. அங்கே ரீலைச் சுற்றப்போகிறவர் இன்று காலையில்தான் படகில் ஏறியிருக்கிறார். நாளை வேறொருவர் ஏறுவார். கைப்பிடி மாற்றுவது பற்றிய பேச்சில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. கேள்வியை வலிமை பற்றியதாகவே வைத்துக்கொண்டு விடை தேடுகிறார்கள். சார்ட்டர் படகில் அது பழுதைப் பற்றிய கேள்வி: எது முதலில் உடைய வேண்டும், உடைந்ததை எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய முடியும்?

ஹவாய்த் தீவின் கோனா கரையை எடுத்துக்கொள்வோம். மௌனா லோவா, ஹுவாலாலாய் எரிமலைகள் வடகிழக்குக் காற்றை மறித்து நிற்பதால் அந்த மேற்குக் கடல் ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும். கரையை விட்டு வெகுதூரம் போகாமலே ஆழ்கடல் வந்துவிடும். ஹொனோகொஹாவ் துறைமுகத்திலிருந்து காலையில் புறப்படும் படகு சற்று நேரத்திலேயே நீல மார்லின் திரியும் நீரில் இருக்கும். ஆயிரம் ராத்தலைத் தாண்டும் மார்லின்கள் இங்கே பிடிபட்டிருக்கின்றன. பின் தளத்தின் நடுவே ஒரு பெரிய நாற்காலி, இரு பக்கமும் கோல் செருகும் குழல்கள், அவற்றில் 80 ராத்தல், 130 ராத்தல் நரம்பு சுற்றிய ரீல்கள், பின்னால் போலி இரைகளை இழுத்தபடி நான்கைந்து தூண்டில்கள். ஏறும் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் விடுமுறைக்கு வந்தவர்கள். கடல் தூண்டிலைத் தொடுவது அன்றுதான் முதல் தடவை. பிடிபட்ட மீன் படகுக்கே சொந்தம் என்பது ஹவாயில் பழைய வழக்கம். இப்போது பல கேப்டன்கள் வாடிக்கையாளருக்கும் பங்கு தருகிறார்கள். எப்படியானாலும், கைப்பிடிக் கோளாறால் ஒரு சூரையோ மார்லினோ தப்பிப் போனால் வாடிக்கையாளருக்கு அது ஒரு கதை, படகில் உதவிக்கு நிற்கும் டெக் ஆளுக்கோ வருமான இழப்பு.

கைப்பிடியின் வரலாறு விரல்கள் முறிந்த கதையில் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவுக்கு அப்பால் கேடலினா தீவில், சார்லஸ் ஃபிரெடெரிக் ஹோல்டர் 1898-இல் 183 ராத்தல் நீலத்துடுப்புச் சூரை ஒன்றைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டு அவலான் ஊரில் டூனா கிளப் உருவானது. அன்றைய ரீல்களில் கைப்பிடி நேராக நூல் உருளையோடு பிணைந்திருந்தது. மீன் ஓடினால் உருளை பின்னோக்கிச் சுழலும், கூடவே கைப்பிடியும் சுழலும். பிடித்திருப்பவர் உடனே கையை எடுத்துவிட்டு, தோல் பட்டை ஒன்றைக் கட்டைவிரலால் உருளைமேல் அழுத்தி மீனை நிறுத்த வேண்டும். கையை எடுக்கத் தாமதித்தவர்களின் விரல் மொளிகளை அந்தக் கைப்பிடி பதம் பார்த்தது. மொளி உடைப்பான் என்று ரீலுக்கே பட்டப்பெயர் வந்தது.

இதற்கு முடிவு கட்டியவர் அதே கிளப்பைச் சேர்ந்த வில்லியம் போஷன். நூல் ஓடும்போதும் கைப்பிடி அசையாமல் நிற்க வேண்டும், பற்சக்கரத்துக்குள் அடுக்கிய தகடுகள் வழுக்கிக்கொடுக்க வேண்டும் என்ற அவருடைய யோசனையை நியூயார்க்கின் ரீல் செய்பவரான ஜூலியஸ் ஃபாம் ஹோஃப் உருவாக்கித் தந்தார். 1913-இல் போஷன் கோலும் ரீலும் கொண்டு முதல் வாள்மீனைப் பிடித்தார். இன்று நாம் டிராக் என்று சொல்லும் தடுப்பு, கைப்பிடியைப் பின்னோக்கி விடாமல் பிடிக்கும் கொக்கி, இரண்டும் அந்தக் காலத்தில் வேர்கொண்டவை. கைப்பிடியை மாற்ற உட்காரும் எவரும் இதை நினைவில் வைப்பது நல்லது. பெருமீன் ரீலில் கைப்பிடி தனியான பாகமல்ல. டிராக், பற்சக்கரம், கொக்கி என்று பின்னால் நிற்கும் வரிசையின் வெளிமுனை அது. வெளிமுனையை மட்டும் பெரிதாக்கினால் பாரம் உள்ளே எங்கோ போய் இறங்கும்.

அதற்குப் பிறகு ரீல்கள் பெருத்தன. 1930-களில் மயாமியில் ஃபின்-நோர், ஃபிலடெல்ஃபியாவில் ஓட்டோ ஹென்சே தொடங்கிய பென் நிறுவனத்தின் செனட்டர் வரிசை, 1960-களில் பென்னின் தங்க நிற இன்டர்நேஷனல், பின்னர் ஷிமானோவின் டியாக்ரா எனப் பட்டியல் நீளும். சார்ட்டர் படகுகளில் பல பத்தாண்டுகள் உழைத்தவை செனட்டர்கள். நட்சத்திர வடிவச் சக்கரத்தைத் திருகி டிராக்கை இறுக்கும், ஒரே வேகம் கொண்ட எளிய ரீல்கள். இன்றைய பெரும்பாலான படகுகளில் இருப்பது நெம்புகோல் டிராக்கும் இரண்டு வேகமும் கொண்டவை. இந்த இரண்டு தலைமுறைக்கும் கைப்பிடி மாற்றும் வேலை ஒன்றல்ல. செனட்டரில் கைப்பிடி ஒரு நட்டும், அந்த நட்டு கழலாமலிருக்க ஒரு சின்ன ஸ்குரூவும்தான். இரண்டு வேக ரீலில் கைப்பிடியின் நடுவே வேகம் மாற்றும் பொத்தான் உட்கார்ந்திருக்கிறது.

விதிகளையும் பார்த்துவிடலாம். 1939-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட சர்வதேசப் பெருமீன் தூண்டில் சங்கம், சுருக்கமாக இக்ஃபா, உலக சாதனைகளைப் பதிவு செய்கிறது. மோட்டாரால் இயங்கும் ரீல் அதற்கு ஆகாது. ஒரே நேரத்தில் இரண்டு கைகளாலும் சுற்றும்படி அமைந்த ரீல் ஆகாது. ராட்செட் கைப்பிடி, அதாவது முழு வட்டம் சுற்றாமல் முன்னும் பின்னும் ஆட்டியே நூலை இழுக்கும் வகையும் ஆகாது. கைப்பிடித் தண்டின் நீளத்துக்கோ அதன் முனையிலுள்ள குமிழின் வடிவத்துக்கோ பொதுவான தடையில்லை. ஆகவே கடையில் விற்கும் நீளக் கைப்பிடியால் யாருடைய சாதனையும் கெடப்போவதில்லை.

சாதனையைக் கெடுப்பது வேறு. மீன் கவ்வியதிலிருந்து தூண்டில்காரரைத் தவிர வேறு எவரும் கோலையோ ரீலையோ நூலையோ தொடக்கூடாது. 1970-இல் ஒவாஹு தீவுக்கருகே, கேப்டன் கொர்னீலியஸ் சோயின் ‘கொரீன் சி’ என்ற சார்ட்டர் படகில் 1,805 ராத்தல், அதாவது 800 கிலோவைத் தாண்டிய மார்லின் ஒன்று பிடிபட்டது. இக்ஃபாவின் சாதனைப் பட்டியலில் அது இல்லை. ஒருவருக்குமேல் கோலைக் கையாண்டார்கள் என்பதே காரணம். சார்ட்டர் படகின் இயல்பு அதுதான். கணவர் களைத்தால் மனைவி, மனைவி களைத்தால் மைத்துனர். சாதனை நோக்கமில்லாதவர்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் சாதனைக்காகவே வந்தவர் நாற்காலியில் இருக்கும்போது கைப்பிடியின் நட்டு தளர்ந்தால், டெக் ஆள் ஸ்பானரோடு ஓடிவந்து முறுக்குவதும் ரீலைத் தொட்டதாகத்தான் ஆகும். கைப்பிடியைக் கரையிலேயே சரிபார்க்க வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது.

இனி நீளம். கணக்குக்காக இரண்டு வேக ரீல் ஒன்றை வைத்துக்கொள்வோம். டிராக் 12 கிலோ. நூல் நிறைந்த நிலையில் உருளையின் ஆரம் 5 செ.மீ.; வேகப் பல்லில் கைப்பிடி ஒரு சுற்று வந்தால் உருளை 2.5 சுற்று, பலப் பல்லில் 1.3 சுற்று, தண்டின் நீளம் 10 செ.மீ. உராய்வை விட்டுவிட்டால், டிராக்கின் முழு எதிர்ப்பையும் வென்று சுற்ற வேகப் பல்லில் கைக்கு 15 கிலோ பாரம் வரும். தண்டை 12.5 செ.மீ. ஆக்கினால் அது 12 கிலோவாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு லாபம், சின்ன விஷயமில்லை. ஆனால் பழைய 10 செ.மீ. தண்டிலேயே நடுப் பொத்தானை அழுத்திப் பலப் பல்லுக்கு மாறினால் கைக்கு வருவது 8 கிலோவுக்கும் குறைவு. காசு செலவில்லாமல் பாதி பாரம் போய்விடுகிறது. வாடிக்கையாளர் கைப்பிடியோடு மல்லுக்கட்டுகிறார் என்றால் பல நேரங்களில் அவருக்கு வேண்டியது நீளத் தண்டு அல்ல. ‘பொத்தானை அழுத்துங்கள்’ என்று பக்கத்திலிருந்து ஒரு குரல்.

உண்மையில் தேர்ந்த கைகள் முழு பாரத்தோடு சுற்றுவதே இல்லை. நாற்காலியில் கால்களை ஊன்றிப் பின்னால் சாய்ந்து கோலைத் தூக்குவார்கள். முன்னால் வரும்போது நூல் தளரும் அந்தக் கணத்தில் சுற்றிக்கொள்வார்கள். பாரத்தைச் சுமப்பது காலும் முதுகும். கை நூலைச் சேர்ப்பதோடு சரி. புதியவர் இதற்கு நேர்மாறு. கோலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனத்தையெல்லாம் குமிழ்மேல் போட்டு அழுத்துவார். நூல் வெளியே ஓடும்போதும் சுற்றிக்கொண்டே இருப்பார். அவர் கையில் நீளத் தண்டைக் கொடுப்பது, பற்சக்கரத்தை முறிக்க ஒரு நெம்புகோலைக் கொடுப்பதற்குச் சமம்.

நீளத்துக்கு எதிராகப் பெரிதாக யாரும் பேசாத ஒரு வாதம் உண்டு. மார்லினோடு போராடும்போது கைப்பிடி சுற்றுவது எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் சார்ட்டர் படகில் கைப்பிடியின் பெரும்பாலான சுற்றுகள் மீனில்லாமல் நடப்பவை. ஒரு தூண்டிலில் மீன் விழுந்ததும் மற்ற தூண்டில்களை டெக் ஆள் அவசரமாகச் சுற்றி உள்ளே எடுக்க வேண்டும். இரையைப் பார்க்க, மாற்ற, பாசி சிக்கினால் கழற்ற, வேறிடம் போக, எல்லாவற்றுக்கும் சுற்றியாக வேண்டும். மேலே சொன்ன ரீலில் ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றே அதிகமாக நூல் ஏறும். 60 மீட்டர் பின்னால் போகும் ஒரு தூண்டிலை எடுக்க 76 சுற்று. ஐந்து தூண்டில்கள், நாளுக்கு ஆறு முறை என்று வைத்தால் 2,280 சுற்று. தண்டு 2.5 செ.மீ. நீண்டால் ஒவ்வொரு சுற்றிலும் கை சுமார் 16 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது. ஒரு நாளில் அது 350 மீட்டருக்கும் மேல் வீண் அலைச்சல், அதுவும் வேகம் வேண்டிய நேரத்தில். கைப்பிடியைத் தேர்ந்தெடுக்கும்போது டெக் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பது நியாயம். அதிகம் சுற்றுவது அவர்தான்.

படகில் கைப்பிடிகள் எப்படிச் சாகின்றன? மீனின் இழுவையில் முறிவது அபூர்வம். கோலோடு ரீலைத் தரையில் சாய்க்கும்போது முதலில் மோதுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி. குழலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் அவசரத்தில் படகின் விளிம்பில் இடிப்பதும் அதுவே. அடிபட்ட தண்டு சற்றே வளையும். குமிழ் சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் கோல் பக்கவாட்டில் ஆடும். பழைய கைப்பிடி ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் மிச்சம் புரியும். குமிழைத் தாங்கும் எஃகு ஆணி அலுமினியத் தண்டுக்குள் நுழையும் இடத்தில் வெள்ளைப் பொடி மோதிரம்போல் பூத்திருக்கும். அந்த விளிம்பில் தண்டின் வண்ணப்பூச்சு கொப்புளித்திருக்கும். நடுத்துளையின் தட்டையான பக்கங்கள் கூர் மழுங்கியிருக்கும். அச்சில் மாட்டி ஆட்டினால் மயிரிழை அளவுக்கு ஆடும். அந்த மயிரிழை ஆட்டம்தான் நட்டை மெல்ல மெல்லத் தளர்த்துகிறது.

வெள்ளைப் பொடிக்குக் காரணம் இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் ஒன்றையொன்று தொடுவது. துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் அப்படித் தொட்டால் அரிபடுவது அலுமினியம். மேற்பரப்பில் ஏற்றியிருக்கும் அனோடைஸ் பூச்சு கீறாமல் இருக்கும்வரை பிழைக்கும். ஆணி இறுக்கும்போது ஒரு கீறல் விழுந்தாலே போதும், உப்பு உள்ளே இறங்கிவிடும். பிறகு ஒரு நாள் குமிழ் சுற்றாமல் ஆணியோடு பிடித்துக்கொள்ளும். கழற்றப் போனால் தண்டு விரியும். பளபளப்பான புதுக் கைப்பிடியை எடுத்து உலர்ந்தபடியே மாட்டுகிறவர்கள் அடுத்த பருவத்திலேயே இதே வேலையைத் திரும்பச் செய்வார்கள்.

மாற்றுக்கு வழிகள் மூன்று. ரீல் கம்பெனியின் அசல் உதிரி, வெளியார் செய்யும் கைப்பிடி, உள்ளூர்ப் பட்டறையில் கடைந்து எடுப்பது. வெளியார் கைப்பிடிக்கு ஒரு கௌரவமான மரபு உண்டு. செனட்டரின் சட்டமும் கைப்பிடியும் போதவில்லை என்று கருதிய கலிஃபோர்னியாக்காரர்கள் அலுமினியக் கட்டியிலிருந்து அவற்றைக் கடைந்து விற்கத் தொடங்கினார்கள். விமான உதிரிகள் செய்துவந்த அக்யுரேட் நிறுவனம் பென் ரீல்களுக்கான மாற்று உதிரிகள் வழியாகத்தான் சொந்த ரீலுக்கு வந்து சேர்ந்தது. செனட்டர்களுக்கு அந்தக் கைப்பிடிகள் உண்மையான முன்னேற்றம் என்பதே என் கணிப்பும். பழைய தண்டுகள் குட்டை, குமிழ்களும் சிறியவை. நட்டும் ஸ்குரூவும் மட்டுமே இருப்பதால் பொருத்துவதும் எளிது. ஒரே எச்சரிக்கை: உள்ளே இருக்கும் பற்சக்கரம் செனட்டர் அறிமுகமான 1936-இன் வடிவமைப்பை ஒட்டியது. கைப்பிடியை மாற்றுகிறவர் பற்சக்கரத்தையும் அதன் உறையையும் எஃகில் மாற்றிவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் குட்டைத் தண்டே பத்திரம்.

இரண்டு வேக ரீலுக்கு அதே உற்சாகத்தைக் காட்ட முடியவில்லை. பொத்தானின் தண்டு கைப்பிடியின் நடுத்துளை வழியாக உள்ளே போகும் அமைப்பில், அந்த நடுப்பகுதியின் கனம் அசலைவிடக் கொஞ்சம் கூடினாலும் பொத்தான் முழு ஆழத்துக்கு இறங்காது. பல் பாதி பிடித்து நிற்கும். கரையில் விரலால் சுற்றிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தோன்றும். கனமான மீன் விழுந்த நேரத்தில் பல் நழுவும், அல்லது முறியும். நெம்புகோல் டிராக்கில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கைப்பிடியும் டிராக் நெம்புகோலும் ஒரே பக்கம் இருப்பதால் தண்டு சற்று வெளியே மடிந்து நெம்புகோலைத் தாண்டிப் போக வேண்டும். மடிப்பு போதாவிட்டால் நெம்புகோலை முன்னே தள்ளியிருக்கும் நேரத்தில் விரல்கள் அதில் இடிக்கும். மடிப்பு மிஞ்சினால் குமிழ் ரீலை விட்டு விலகி, சுற்றும்போதெல்லாம் கோலை முறுக்கும். ரீலைக் கோலில் கட்டி, கோலைக் குழலில் செருகி, டிராக்கை முழுக்கத் தள்ளி, ஒரு வட்டம் சுற்றிப் பார்க்காமல் எந்தக் கைப்பிடியையும் ஏற்கக்கூடாது. கடை மேசையில் தாராளமாகச் சுற்றுவது படகின் விளிம்பில் இடிக்கக்கூடும். 2.5 செ.மீ. நீண்ட தண்டு வட்டத்தின் விட்டத்தை 5 செ.மீ. கூட்டுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே இரண்டு வேக ரீல்களுக்கு, அதுவும் சார்ட்டர் படகுக்கு, அசல் உதிரியே சரி என்பது என் முடிவு. அசல் உதிரி மெலிது, சீக்கிரம் வளைகிறது என்று குறை சொல்வார்கள். வளையட்டும். வீட்டில் ஃபியூஸ் கம்பி உருகுவதால்தான் மின்விசிறி தப்பிக்கிறது. புதியவர் ஒருவர் உடம்புக் கனத்தைப் போட்டு அழுத்தும்போது வளையும் தண்டு, அச்சையும் பற்சக்கரத்தையும் கொக்கியையும் காப்பாற்றுகிறது. வளைந்த தண்டைக் கட்டுத்துறையிலேயே மாற்றிவிடலாம். பற்சக்கரம் முறிந்த ரீலைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, பருவத்தின் நடுவே ஒரு தூண்டில் குறைந்து படகு ஓட்ட வேண்டியிருக்கும். இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸுக்கு வடக்கே, 1966-இல் ஜார்ஜ் பிரான்ஸ்ஃபோர்டின் ‘சீ பேபி’ படகில் 80 ராத்தல் நூலில் 1,064 ராத்தல் கருமார்லின் பிடிபட்டதிலிருந்து, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அந்தக் கடலுக்குப் பெரிய மீனை மட்டுமே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படகுகளின் வாடிக்கையாளர்களில் பலர் கைதேர்ந்தவர்கள். 130 ராத்தல் நூலோடு நாற்காலியில் உட்காரும் அவர்களுக்குத் தடித்த தண்டு பொருந்தும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது அவர்களுக்குத் தெரியும்.

உள்ளூர்ப் பட்டறையில் கடைவது அவசரத்துக்கு மட்டும். ஒரு நல்ல லேத்துக்காரர் அழகான தண்டைச் செய்துவிடுவார். ஆனால் அனோடைஸ் ஏற்றாத அலுமினியம் கடலில் நாளாக நாளாகப் பொரிந்துபோகும்.

தண்டைவிடக் குமிழில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. வாடிக்கையாளரின் உள்ளங்கை தொடுவது அதைத்தான். உருண்டைக் குமிழ், முட்டை வடிவம், ‘டி’ வடிவக் குறுக்குப் பிடி என்று கடையில் வகைகள் உண்டு. டி-பிடியை விரலிடுக்கில் கோத்து இறுக்கிப் பிடிக்கலாம்; குறுகிய நேரத்தில் முழுவேகம் கொடுக்க வசதி. நின்றபடி ஆழத்திலிருந்து சூரையைத் தூக்குகிறவர்கள் அதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. பின் தளத்தில் அது தொல்லை. தூண்டில் முள்ளை ஒட்டிய லீடர் நரம்பும் சட்டைக் கையும் அதில் மாட்டும். மணிக்கணக்கில் நாற்காலியில் இருப்பவருக்கு ஒரே பிடியில் மணிக்கட்டு கடுக்கும். பெரிய உருண்டையை உள்ளங்கையால், விரல்நுனியால், முஷ்டியால் என்று மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். சிறு கையும் பெரிய கையும் அதை ஏற்கும். சார்ட்டருக்கு உருண்டையே மேல்.

பொருளைப் பொறுத்தவரை, வெயிலில் நின்ற வெற்று அலுமினியக் குமிழைத் தொட்ட எவரும் இரண்டாம் முறை விரும்பமாட்டார்கள். மென்மையான நுரைப் பிடி முதல் நாள் சுகமாக இருக்கும். சன்ஸ்கிரீன் எண்ணெயும் மீன் வழும்பும் ஊறிய பிறகு சோப்புக்கட்டிபோல் வழுக்கி, பிய்ந்துபோகும். கடினமான ரப்பரோ சொரசொரப்பான பிளாஸ்டிக்கோ பார்க்க எளிமை, உழைப்பில் கெட்டி. குமிழுக்குள் பால் பேரிங் இருந்தால் வெண்ணெய்போல் சுற்றும் என்று விற்கிறார்கள். உண்மைதான், உப்பு ஏறும்வரை. தினமும் ரீலைத் துடைத்து எண்ணெய் விடும் சொந்தக்காரருக்கு அது சரி. மாலையில் திரும்பி மறுநாள் விடியலில் மீண்டும் புறப்படும் படகுக்கு டெல்ரின் போன்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் உறையே போதும். அது தேயும், ஆனால் திடீரென இறுகி நிற்காது.

பொருத்தும் வேலையைக் கரையில், ஒரு தட்டின்மேல் துண்டை விரித்து வைத்துச் செய்ய வேண்டும். இரண்டு வேக ரீலில் நட்டு கழன்றதும் பொத்தானுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங் துள்ளும். பின் தளத்தில் அது துள்ளினால் நீர் வடியும் ஓட்டை வழியாகக் கடலுக்குத்தான் போகும். சில மாடல்களில் மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதால் கையேட்டைப் பார்த்த பிறகே ஸ்பானரை வைக்க வேண்டும். பழைய அச்சின் தட்டைப் பக்கங்கள் தேய்ந்திருந்தால் புதுக் கைப்பிடி போட்டும் பயனில்லை. ஆட்டம் அப்படியே இருக்கும், அச்சையும் மாற்றியாக வேண்டும். எஃகு அலுமினியத்தைத் தொடும் எல்லா இடத்திலும் படகுப் பாய்மரங்களுக்குப் பூசும் அரிப்புத்தடுப்புப் பசையோ கெட்டியான மரைன் கிரீஸோ பூச வேண்டும். நட்டைப் பூட்டும் சின்ன ஸ்குரூவுக்கு நடுத்தரப் பிடிமானமுள்ள நீலப் பசை போதும். சிவப்புப் பசை போட்டால் அடுத்த முறை சூடேற்றித்தான் கழற்ற முடியும். அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கை விட்டுவைக்காது. கழுவும்போது குழாயைப் பீய்ச்சி அடிப்பது பெரிய கெடுதல். அழுத்தமான நீர் உப்பைக் கழுவாமல் உள்ளே தள்ளுகிறது. மெல்லிய தூறலாக விட்டுத் துடைப்பதே முறை.

அந்தமானிலும் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிப் பெருமீனுக்குப் போகும் படகுகள் இருக்கின்றன. பாறை ஓரங்களில் ராட்சதப் பாரை தேடி மிதவை இரை வீசுவதுதான் அங்கே பிரபலம் என்பதால் கையிலிருப்பது ஸ்பின்னிங் ரீல், கைப்பிடிச் சிக்கலும் வேறு வகை. ஒன்று மட்டும் கோனாவுக்கும் அங்கேயும் பொது: உதிரி கடல் தாண்டித்தான் வர வேண்டும். தீவில் தொழில் செய்கிறவர் உடைந்த பிறகு ஆர்டர் போடமுடியாது.

இங்கேதான் எல்லா ரீல்களும் ஒரே வகையாக இருப்பதன் அருமை தெரியும். ஐந்து ரீலுக்கு ஐந்து வகைக் கைப்பிடி வைத்திருப்பவர் ஐந்து வகை உதிரி வைத்திருக்க வேண்டும். ஒரே மாடலில் ஒரே கைப்பிடி என்றால் முழுக் கைப்பிடி இரண்டு, குமிழும் உறையும் சில, நட்டு, ஸ்குரூ, ஸ்பிரிங் ஒரு கையளவு, எல்லாம் ஒரு டப்பாவில் அடங்கும். வாடிக்கையாளருக்குச் சொல்லித் தருவதும் சுலபமாகிறது. நாற்காலிக்கு எந்தக் கோல் வந்தாலும் பொத்தான் அதே இடத்தில் இருக்கும். அந்த டப்பாவில் கழற்றிய பழைய கைப்பிடிகளையும் போட்டு வைப்பது நல்லது. வளைந்த தண்டிலிருந்தும் நல்ல நட்டு ஒன்று கிடைக்கும்.

ஒரு குறைக்கு மட்டும் இதிலெல்லாம் வழியில்லை. பெருமீன் ரீல்கள் கிட்டத்தட்ட எல்லாமே வலக்கையால் சுற்றுபவை. இடக்கையால் சுற்றிப் பழகியவர் கைப்பிடியை மறுபக்கம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பார். ஸ்பின்னிங் ரீலில் அது நொடி வேலை என்பதால் இங்கேயும் முடியும் என்று நினைப்பார். பற்சக்கரமும் டிராக் நெம்புகோலும் வலப்பக்கத் தகட்டிலேயே கட்டப்பட்டிருப்பதால் அது நடக்காது. இடக்கை மாடல்கள் சில ரகங்களில் மட்டும் கிடைக்கின்றன. படகில் அப்படி ஒன்று இல்லாவிட்டால், முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளும் கேப்டன் முதல் தூண்டிலை இறக்குமுன் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வெற்று நூலில் சற்று நேரம் வலக்கையால் சுற்றிப் பழகவிடுகிறார்.